மடியில் இருந்த பை

அரியலூரில் நான் ஏறும்போது பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. ஜெயங்கொண்டத்திலிருந்தே உட்கார்ந்து வரும் ஓர் அக்கா கையை நீட்டுவார். என் பையைக் கொடுப்பேன். இறங்கும்வரை அது அவர் மடியில் இருக்கும். ஏழு வருஷமாக இதுதான் பழக்கம். "குடுங்க", "வரேங்க" தவிர வேறு பேச்சு கிடையாது. பெயர்கூடக் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு. மறதி நோய் வந்திருந்த என் அப்பாவைக் காலையிலிருந்து காணோம். வேலைக்குக் கிளம்பும் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆணியில் மாட்டியிருந்த என் பழைய பையையும் காணோம்.

சொந்தக்காரர்களுக்கு அவர் போட்டோவை அனுப்பினேன். அண்ணன் அத்தைக்கு அனுப்ப, அத்தை சித்தப்பாவுக்கு அனுப்ப, சாயந்தரத்துக்குள் அது எனக்கே ஆறு தடவை திரும்பி வந்தது. பாசத்தில் குறை சொல்ல முடியாது, சாப்பிடாமல் அலைந்தார்கள். ஆனால் எல்லோரும் தேடியது நான் ஏற்கெனவே தேடியிருந்த கல்லங்குறிச்சி கோயிலையும் அதே நாலு தெருவையும்தான். எரிச்சலாக வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு கண்டக்டரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரம்பலூரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அந்த அக்கா இறங்கினார். ஒரு தோளில் என் பழைய பை. கையில் அப்பாவின் கை.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாருங்க. அவர எனக்குத் தெரியாது, பையத்தான் தெரிஞ்சிது. பிஞ்ச ஜிப்பு, பச்ச நூலு தையலு, தெனமும் எம் மடியில இருந்ததாச்சே! யாரு பைங்கய்யான்னேன், எம் பொண்ணோடதுன்னாரு. நீங்க இங்கதான ஏறுவீங்க, அதான் கூட்டியாந்துட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பச்சைத் தையலை என் வீட்டில் ஒருவர்கூடக் கவனித்ததில்லை. தைத்த எனக்கே மறந்துபோயிருந்தது. பெயர் தெரியாத ஒருத்தர் என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தார்.

அடுத்த ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. அதிலும் உட்கார இடமில்லை. அக்கா ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றதும், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் கையை நீட்டி, அவருடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.