எஸ் சைஸில் ஓர் இணைச்சீர்

ஸ்டூடியோ வேலையில் நல்ல வெளிச்சம், நல்ல சிரிப்பு எல்லாம் அப்புறம். படம் என்ன சைஸில் விழுகிறது என்று முதலில் பார்க்காதவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆசையாகக் கேமரா வாங்கி, அதன் மெனுவுக்குள் போய், திரும்பி வர வழி தெரியாமல் முழித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூவில் பிசிக்ஸ் பெயில். மறுபடி எழுதச் சொன்னார்கள், முடியாது என்றேன். பெரியநாயக்கன்பாளையத்தில் கதிர்வேல் அண்ணாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அம்மா மூன்று மாதம்தான் தவணை கொடுத்தாள். அதற்குள் ஒரு கல்யாணத்தை நான் தனியாக எடுத்து, அண்ணா என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பம்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே சூப்பர்வைசரிடம் பேசியே வைத்துவிட்டாள்.

முதல் பாடம்

எல் என்றால் பெரிய படம், எம் என்றால் நடுத்தரம், எஸ் என்றால் சின்னது. அதே எல்லிலும் ஃபைன் என்று வைத்தால் தரம் நன்றாக இருக்கும், பேசிக் என்று வைத்தால் கார்டில் இடம் மிச்சமாகும், முகம் மாவு பூசியதுபோல் ஆகும். ரா என்று ஒன்று உண்டு, படத்தைச் சுருக்காமல் அப்படியே வைக்கும். அதில் எடுத்தால் நாலு கல்யாணத்தில் ஹார்டு டிஸ்க் நிரம்பிவிடும் என்று அண்ணா அந்தப் பக்கமே விடவில்லை. "எல், ஃபைன். இதைத் தொடக் கூடாது" என்றார். பாடம் முடிந்தது.

எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. தொடக் கூடாதென்றால் மற்றதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறான் என்று கேட்டேன். அண்ணா லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸுலகூடத்தான் அவசர வழின்னு ஒண்ணு வச்சிருக்கான். தெனமும் அதுல எறங்கியா ஊட்டுக்குப் போறே?"

ஐம்பது கேபி

கல்யாண சீசன் இல்லாத நாட்களில் எங்களுக்குச் சோறு போடுவது அரசாங்கப் பரீட்சைகள்தான். விண்ணப்பத்தில் போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். ஒருத்தர் ஒரே நாளில் மூன்று முறை வந்தார். முதலில் சைஸ் அதிகம் என்று வெப்சைட் திருப்பிவிட்டதாம். குறைத்துக் கொடுத்தேன். தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டதாம். கூட்டிக் கொடுத்தேன். மறுபடி சைஸ் அதிகம்.

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் பெரிய படத்தைத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கேமராவையே எஸ், பேசிக் என்று மாற்றி எடுத்தேன். படம் சட்டென்று திறந்தது, குறைத்தேன், வெப்சைட்டும் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து பரீட்சைப் படம் என்றால் எஸ், முடிந்ததும் எல் என்று ரகசியமாக மாற்றிக்கொண்டேன். மூன்று முறை வந்தவர் மட்டும் அன்றைக்கு மொபைலையே பார்த்துக்கொண்டு நின்றார்: "ஏனுங்க அம்மணி, போட்டோ பாஸாயிருச்சு. இதே மாதிரி என்னையும் கொஞ்சம் கொறச்சுக் குடுத்தா பரீட்சையும் பாஸாயிருமுங்களா?"

பதினாலு சதவீதம்

காதுகுத்துக்குப் பத்தடி பிளெக்ஸ் வேண்டும் என்று ஒரு மாமா வந்தார். படம் எங்கே என்றால் மொபைலைக் காட்டினார். யாரோ ஸ்டேட்டஸில் வைத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது நாலு குரூப் சுற்றி வந்திருந்தது. குழந்தைக்கு மூக்கு இருப்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். தூரத்திலிருந்துதானே பார்க்கப்போகிறார்கள் என்றார். அதுவும் சரிதான்.

போன மாமா வாசலிலிருந்து திரும்பி வந்தார்: "அம்மணி, மேல பேட்டரி பதினாலு சதவீதம்னு இருக்குது பாருங்க, அதைய மட்டும் எடுத்துப்போடுங்க. நம்மூட்டுல கரண்ட் இல்லைன்னு நெனச்சுக்குவாங்க."

நாலாயிரம் படம்

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். அண்ணா ஒன்றுக்குப் போனார், பெருந்துறைக் கல்யாணம் எனக்கு. இன்னும் நாலாயிரம் படம் எடுக்கலாம் என்று கேமரா காட்டியது. புது கார்டு ரொம்ப நல்ல கார்டு என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொண்டவர்கள் நம் ஆட்கள். முந்தின சாயங்காலம் எடுத்த பரீட்சைப் படம் எஸ்ஸில். நான் எல்லுக்குத் திருப்பி வைக்கவில்லை; படம் சின்னதானதால்தான் கார்டில் நாலாயிரம்.

எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூட நின்று செய்யும் சீர். அந்த நேரத்துக்குப் பெண்ணைவிட அவர்தான் பெரிய ஆள். இங்கே மாப்பிள்ளையின் அக்கா சுமதி. சொந்தக்காரர்கள் முண்டியடித்ததில் அவருடைய முகம் முழுசாகத் தெரிந்தது ஒரே படத்தில்தான், அதுவும் முப்பது பேருக்கு நடுவில்.

நாலு நாள் கழித்துச் சுமதி அக்கா கடைக்கு வந்தார். அந்தப் படத்தில் தன்னை மட்டும் வெட்டி, டிவிக்கு மேலே மாட்டப் பெரிதாக வேண்டுமாம். அண்ணா பெரிதாக்கினார். அக்காவின் முகம் கட்டம் போட்ட லுங்கி மாதிரி வந்தது. அண்ணாவுக்குப் புரிந்துவிட்டது. என் காதருகே குனிந்தார்: "கேமரா ரிப்பேருன்னு சொல்லிப்போடு கண்ணு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் ஒரு சீர்

பொய் சொன்னால் எனக்கு அடுத்த வரி வராது. "கேமரா நல்லாத்தான் இருக்குதுங்க்கா. நான்தான் செட்டிங் மாத்த மறந்துபோட்டேன்" என்றேன். அண்ணா மேலே ஃபேனைப் பார்த்தார். எனக்குப் பம்பு கம்பெனி கேட் தெரிந்தது.

சுமதி அக்கா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி விருந்துக்கு வருகிறான், நீங்களும் கேமராவோடு வாங்க, சீரை இன்னொருக்கா எடுத்துக்கலாம் என்றார். போனோம். அதே பட்டுச் சேலை, அதே நகை. பாதி பிரியாணியில் எழுப்பி வேட்டி கட்டவைக்கப்பட்ட மாப்பிள்ளை, "அக்கா, இன்னொருக்கா கல்யாணம்னா ஊட்டிக்கும் இன்னொருக்கா போவணும்" என்று முனகினார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அக்கா, "எல்லுல வச்சாச்சா கண்ணு?" என்றார். பதினெட்டுப் படத்துக்குப் பதினெட்டு முறை.

கிளம்பும்போது அடுத்த மாதம் தன் கொழுந்தனுக்குக் கல்யாணம் என்றார் அக்கா. அண்ணா அவசரமாக, "நானே வந்தர்றனுங்க" என்றார். அக்கா என்னைக் கை காட்டினார்: "வேண்டாமுங்க, இந்தப் புள்ளையே வரட்டும். இவ என்ன தப்புப் பண்ணுவான்னு நமக்குத் தெரியும். புதுசா வர்ற ஆளு என்னத்தப் பண்ணுமோ, யாரு கண்டா?"

அண்ணாவுக்கு வேறு வழியில்லை, என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். அம்மா சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்ன தப்புப் பண்ணுவாள் என்று தெரிந்த ஆள்தான் நம்பிக்கையான ஆள் என்ற இந்த நியாயம் என் பிசிக்ஸ் பேப்பரைத் திருத்தியவருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம்.