ராணி கட்டியிருந்த சேலை

ரயில் பதுளை வரைக்கும் வந்த புதிதில், அதே ரயிலில் ஒரு படக்கம்பெனியும் வந்து இறங்கியது. மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். பயாஸ்கோப்பு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் ஜவுளிக்கடை அப்போது கடைத்தெருவின் நடுவில் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்து கடை வைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடையின் முன்பக்கம் அவருடையது. பெண்கள் வந்தால் உள்ளே பாய் விரித்துச் சேலை எடுத்துப் போடுவது என் வேலை.

கம்பெனி மானேஜர் எங்களிடம் வந்தது வெள்ளைத் துணி வாங்குவதற்காகத்தான். திரை, வரும் வழியில் கிழிந்துவிட்டதாம். கோட்டும் தொப்பியுமாக இருந்தாலும் பேச்சு நம்மூர்ப் பேச்சு. துணி கிழித்துக்கொண்டிருக்கும்போதே பெருமையடித்துக்கொண்டார். மூன்று பாஷையில் நோட்டீஸ் அடித்திருக்கிறார்களாம். ஊரில் ஒரு சுவர் பாக்கி இல்லையாம்.

உள்ளேயிருந்து நான் கேட்டேன். “ஐயா, கூடாரத்துல எத்தனை பேர் உக்காரலாம்?”

“ஊரே உக்காரலாம்மா.”

“ஊருல இருக்கறது கவர்ன்மெண்டுக் கச்சேரி கிளார்க்கும் கடைக்காரங்களும்தானே. ரெண்டு ஆட்டத்துல முடிஞ்சு போயிருமே. தேயிலைத் தோட்டத்து ஜனங்க வந்தாத்தான் உங்க கூடாரம் ரொம்பும். அவங்கள்ல எத்தனை பேருக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியும்?”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலை அப்படியே நிறுத்திவிட்டார். முன்பின் தெரியாத ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

“அப்ப அவங்களுக்கு எப்படிம்மா சொல்றது?”

“சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க எல்லாரும் ஜவுளிக்கடைக்கு வருவாங்க. படத்துல வர்ற பொம்பளை என்ன கட்டியிருக்கான்னு காட்டுங்க, போதும்.”

மறுநாளே பெட்டியிலிருந்து ஒரு பெரிய போட்டோவைக் கொண்டுவந்தார். காட்டுக்குத் துரத்தப்பட்ட ராணி ஒருத்தியின் கதையாம் படம். போட்டோவில் அவள் ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறாள். கறுத்த சேலை, பளிச்சென்று அகலமான கரை. அந்தப் போட்டோவைக் கடை வாசலில் மாட்டுவது, கம்பெனியின் கிராமபோனைக் கடையில் வைத்துப் பாட்டுப் போடுவது, எங்களிடம் சேலை எடுப்பவர்களுக்குத் தரை டிக்கெட் ஒன்று சும்மா கொடுப்பது என்று பேசி முடித்தோம். பதிலுக்கு, ஆட்டம் தொடங்குமுன் எங்கள் கடைப் பெயரைக் கண்ணாடியில் எழுதி, விளக்கு வைத்துத் திரையில் காட்டுவார்கள்.

“திரையில கடைப் பேரா?” என்றார் என் வீட்டுக்காரர். “நாலு பேர் சிரிக்கப் போறாங்க.”

“சிரிச்சாலும் பேரைப் படிச்சிட்டுத்தானே சிரிப்பாங்க” என்றேன்.

ராணி கட்டியிருந்த மாதிரிச் சேலை எங்களிடம் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. எந்த மாதிரி? போட்டோவில் நிறம் ஏது? மானேஜரைக் கேட்டேன். “எனக்கும் தெரியாதும்மா. புதுப் படம். இங்கதான் முதல்ல ஓட்டப் போறோம்” என்றார்.

அன்று மத்தியானம் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். என் கூறைச்சேலை நல்ல அரக்கு. போட்டோவில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா கட்டியிருந்தது நீலம். அது கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிந்தது. ஆக, போட்டோவில் கறுப்பாக விழுவது சிவப்பு. ராணி கட்டியிருப்பது அரக்குதான். எனக்குச் சந்தேகமே இல்லை. கடையிலிருந்த அரக்குச் சேலைகளில் அகலச் சரிகை போட்டவற்றைப் பொறுக்கி எடுத்து, போட்டோவுக்குக் கீழே தொங்கவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கிராமபோன் குழாயிலிருந்து பாட்டு வருவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் கொழுந்து பறிக்கிற ஒருத்தி, உயரமானவள், குரலும் அப்படித்தான், போட்டோவுக்கு முகத்துக்கு முகம் நின்று பார்த்தாள்.

“அம்மா, இந்த ராணி கட்டியிருக்கறது கறுப்புச் சேலையில்ல? நீங்க செகப்பக் காட்டுறீங்க.”

நான் என் கல்யாணப் போட்டோவையும் கூறைச்சேலையையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அட, ஆமா!” என்று கூவி மற்றவர்களையும் கூப்பிட்டாள். முதல் அரக்குச் சேலையை எடுத்தவளும் அவளே. சாயங்காலத்துக்குள் தொங்கவிட்டதெல்லாம் போய்விட்டது.

முதல் ஆட்டத்துக்குக் கூடாரம் கொள்ளாத கூட்டம். வெளியே லாரி எஞ்சின் தடதடவென்று ஓடி விளக்குக்குக் கரண்டு கொடுத்தது. பெண்கள் பக்கம் தரையில் நானும் உட்கார்ந்தேன். முதலில் எங்கள் கடைப் பெயர் வந்தது, தலைகீழாக. கூடாரமே சிரித்தது. யாரோ ஓடிப்போய்க் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார்கள். ஆளுயர எழுத்தில் எங்கள் பெயர் நேராக நின்றதும், படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்தார்கள். ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து நின்று, அப்புறம் வெட்கப்பட்டு உட்கார்ந்தது தெரிந்தது.

படம் தொடங்கியது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். அரண்மனையில் ராணி வந்தாள். திரை முழுக்க மாம்பழ மஞ்சள்! சேலையும் மஞ்சள், சுவரும் மஞ்சள். பெண்கள் பக்கம் சலசலப்பு. அடுத்து, ராத்திரியில் ராணி காட்டுக்குப் போகிறாள். எல்லாம் நீலம். “நீலமாயிருச்சே! அரக்குன்னாங்களே!” என்று எனக்குப் பின்னாலேயே ஒரு குரல். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

காட்டில் தீப்பிடித்தது. ஒரே நொடியில் திரை செக்கச்செவேலென்று ஆனது. மரமும் சிவப்பு, வானமும் சிவப்பு, தீக்கு நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ராணியின் சேலை அசல் அரக்கு. அந்த உயரமான கொழுந்துக்காரி எழுந்தே விட்டாள். தன் முந்தானையை விரித்துக் காட்டி, “பாருங்கடி! இது நம்ம சேலை! நான் கட்டியிருக்கறது இதுதான்!” என்று கத்தினாள். அரக்குச் சேலை எடுத்த மற்றவர்களும் எழுந்தார்கள். கதை சொல்பவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் மானேஜரிடம் போய், அது என்ன வித்தை என்று கேட்டேன்.

“பிலிமையே சாயத்துல முக்கியிருக்காங்கம்மா. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, தீக்கு ஒண்ணு.”

சாயத்தில் முக்குவது! அது ஜவுளிக்காரர்கள் வேலை அல்லவா? எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று நிறத்திலும் சேலை தொங்கவிட்டிருப்பேனே என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். “பிலிம் பெட்டியைப் பிரிச்சுப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்.” மறுநாள் காலையில் கடை திறக்குமுன்பே வாசலில் பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்குக் காட்டு நீலம் வேண்டும், இன்னொருத்திக்கு அரண்மனை மஞ்சள். நான் வைத்த பெயர்கள் அல்ல அவை. அவர்களே வைத்துக்கொண்டவை. அந்தப் பெயர்களைச் சொல்லிப் பல வருடம் எங்களிடம் சேலை கேட்டார்கள்.

படக்கம்பெனி புறப்படுவதாக இருந்த நாளில் புறப்படவில்லை. கூடாரம் நின்றது, கூட்டமும் நின்றது. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் மானேஜர் முதலில் ஜவுளிக்கடையைத்தான் தேடிப் போவாராம். பண்டாரவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் சரக்கு எடுக்க வந்தபோது என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “பதுளையில ஒரு அம்மா சொல்லிக் குடுத்த வழின்னு அந்த மானேஜர் சொல்றாரு. அது உங்க வீட்லதானே?” என் வீட்டுக்காரர், “ஆமாங்க, எங்க வீட்லதான்” என்று சொன்ன விதத்தை நான் உள்ளேயிருந்து கேட்டேன். ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த படத்தின் போட்டோக்கள் படம் வருமுன்பே ரயிலில் எங்கள் கடை விலாசத்துக்கு வந்தன. கூடவே, படத்தின் கதையையும் எந்தக் காட்சிக்கு எந்தச் சாயம் என்பதையும் எழுதிய சீட்டும் வந்தது. இந்தத் தடவை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று மானேஜர் லாரி அனுப்பினார். லாரியின் இரண்டு பக்கமும் சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். நடுவில் போட்டோ. வளைவுக்கு வளைவு காற்றில் சேலைகள் படபடத்தன. ஒரு தோட்டத்துக் கடைவாசலில் லாரி நின்றது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். கதை சொல்ல வருவதாக இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

“நீயே சொல்லேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

கையைக் கொடுத்து என்னை லாரிமேல் ஏற்றிவிட்டவரும் அவர்தான். நான் நின்றேன். அத்தனை முகங்கள். முதல் வார்த்தை மட்டும் கொஞ்சம் நடுங்கியது. பிறகு கதை தானாக வந்தது.