ஓகே என்று எழுதிய வீடு

எங்கள் சேவை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மிஸ் லதா கேட்டார். அவர்தான் எங்கள் மையத்தின் தலைவி, என்னைவிடப் பத்து வயது இளையவர். நல்லபடியாக நடந்தவற்றை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் இதைத் தவிர உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

1. போனும் நானும்

நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகளோடு வேலை என்பதால் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த மையத்துக்கு வந்தேன். சேலைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் மையம்.

முதல் நாள் மிஸ் லதா ஒரு கைப்பேசியையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்தார்.

"சேகர் அண்ணே, இன்னிக்கு இருபது வீட்டுக்குப் போன் போடுங்க. என்ன உதவி வேணும்னு கேட்டு எழுதுங்க. சிம்பிள் லா."

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். நான் பேசுவதை யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் காரணம். முதல் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நிம்மதியாக உள்ளே வந்தேன்.

"என்னாண்ணே, போன் எடுக்கலன்னா எல்லாரும் கவலப்படுவாங்க. உங்க மூஞ்சி கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு?" என்று மிஸ் லதா சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கூச்சம் போகவில்லை. அதை மறைக்கும் வழிகளைத்தான் நாளடைவில் கற்றுக்கொண்டேன். நாங்கள் நிரப்பும் பாரத்தின் கடைசியில் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. உதவி எதுவும் தேவைப்படாத வீட்டுக்கு அதில் 'ஓகே' என்று எழுதுவோம். சீக்கிரம் பேசி, சீக்கிரம் 'ஓகே' எழுதி, போனை வைத்துவிடுவேன். வேகமாக வேலை செய்பவன் என்று பெயரும் வாங்கினேன்.

2. தீவில் உதவி தேடுவது

இரண்டாம் வருடம் கேரித் தீவு என் பொறுப்புக்கு வந்தது. அங்கே இருப்பவர்களுக்கு என்னென்ன சேவைகள் கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று ஒரு கையேடு தயாரிக்க வேண்டும்.

தீவுக்குப் பாலம் இருக்கிறது. காரில் கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் இல்லாதவர்களுக்குத்தான் அது இன்னும் தீவு. மாவட்ட அலுவலகம் பந்திங்கில். சொந்தபந்தம், பெரிய ஆஸ்பத்திரி, கடைகண்ணி எல்லாம் கிள்ளானில். உதவி கேட்டுக் கிள்ளானுக்கு வருபவர்கள், "உங்க அலாமாட் இந்த மாவட்டம் இல்லையே" என்று முகவரியைக் காட்டிச் சொல்லும் பதிலோடு திரும்பிப் போவார்கள். முகவரியால் ஒரு பக்கம், பழக்கத்தால் இன்னொரு பக்கம். கையேட்டில் நான் முதலில் எழுதியது அதைத்தான்: எந்தக் காரியத்துக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் தீவின் செம்பனைத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராஜன்.

"யாரு வீட்டுல படுத்த படுக்கையா இருக்காங்கன்னு கேக்காதீங்க பாஸ். ஒருத்தனும் சொல்ல மாட்டான். பெரிய சைஸ் பேம்பர்ஸ் யாரு வாங்குறாங்கன்னு என்னைக் கேளுங்க. நான் சொல்றேன்."

அப்படியே கேட்டேன். ஒரே மதியத்தில் மூன்று வீடுகள் தெரிந்தன. ஆறு மாதம் போன் போட்டும் எனக்குத் தெரியாத வீடுகள் அவை. நேரில் போவதன் பலனை அன்றே பார்த்துவிட்டேன். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

3. அந்தப் போன்

கிள்ளானில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான பகல்நேரப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. தீவிலிருந்து குறைந்தது ஐந்து பிள்ளைகள் இருந்தால் வேன் அனுப்புகிறோம் என்றார்கள். பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அன்று புதன்.

"அண்ணே, தீவுக்கே போயிட்டு வந்துடுங்களேன்," என்றார் மிஸ் லதா.

"போன்லயே முடிச்சிடலாம் மிஸ்," என்றேன். போனில் கூச்சம் என்றால், நேரில் அதைவிட அதிகம்.

வியாழக்கிழமை காலைக்குள் நான்கு பெயர்கள் கிடைத்தன. பிறகு ஒருவரைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைக்கு ஏதாச்சும் குறை இருக்கா?" என்று கேட்டேன். அவர் பிடித்துக்கொண்டார்.

"யாருடா நீ? என் பிள்ளைக்கு என்ன குறைன்னு காலங்காத்தால போன் போட்டுக் கேக்குற? ஒனக்குப் பிள்ளை இல்ல?"

மன்னிப்புக் கேட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேனைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு வேன் என்று சொல்ல வேண்டி வருமே. "பிள்ளை எப்படி இருக்கு, நல்லா இருக்கா?" என்று சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

அடுத்த எண் பார்வதி அக்காவுடையது. செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. அப்போது வேலையில்தான் இருந்தார். பக்கத்தில் லோரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா, சேவை மையத்துலேர்ந்து சேகர் பேசுறேன். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு?"

"ஒருத்திதான். தேவி. பதினேழு முடியப் போவுது."

"எப்படி இருக்காங்க? நல்லா இருக்காங்களா?"

"அவ ஓகே... லா அண்ணே. வீட்டுலதான் இருக்கா."

'ஓகே'வுக்கும் 'லா'வுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது. எனக்கு அது கேட்டது. ஓகே என்றால் வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஏன் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. திரும்பக் கேட்டிருக்கலாம். காலையில் வாங்கிய ஏச்சு காதிலேயே இருந்தது. "சரிக்கா, நன்றி," என்று வைத்துவிட்டு, கட்டத்தில் 'ஓகே' என்று எழுதினேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்தச் சத்தம் 'யு'. அவர் சொன்னது, "அவ ஓ.கே.யு. லா." இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் மலாய்ச் சுருக்கம் அது. அவர்களுக்குக் கொடுக்கும் அட்டைக்கும் அதே பெயர்தான். இந்த வேலையில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது நான் சொல்லும் சொல்.

வெள்ளிக்கிழமை நான்கு பெயர்களைக் கொடுத்தோம். ஐந்து இல்லாததால் வேன் வேறு ஊருக்குப் போனது.

4. கோயில் மண்டபம்

மூன்று மாதம் கழித்துத் தீவில் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். நான் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேசையில் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். அந்த அம்மா ஓ.கே.யு. அட்டையை நீட்டினார். பெயரைப் படித்தேன். தேவி.

நான் இரண்டு வார்த்தை பேசியதும் பார்வதி அக்கா குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கதானே அன்னிக்குப் போன் போட்டது? நாலு பேருதான் இருக்காங்கன்னு வேன் வராமப் போச்சாமே. எம் மவ பேரை ஏண்ணே சேக்கல?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ கண்கள். அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றும் நினைத்தால் முகம் சுடுகிறது.

"நீங்கதானேக்கா ஓகேன்னு சொன்னீங்க?"

"ஐயோ, ஓ.கே.யு.ன்னுல்ல சொன்னேன்!"

பின்னால் நின்ற ஒருவர், "காதுக்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டிக்குங்க பாஸ்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பார்வதி அக்கா சிரிக்கவில்லை.

"லோரி நின்னுச்சு அங்க. நான்தான் தள்ளிப் போயிப் பேசியிருக்கணும். எந் தப்புதாண்ணே. மன்னிச்சுக்குங்க."

நான் "பரவால்லக்கா" என்றேன்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். சத்தம் கேட்டும் திரும்பக் கேட்காதது நான் என்று சொல்லவில்லை. வேனைப் பற்றியே சொல்லாமல் விட்டவன் நான் என்றும் சொல்லவில்லை. தேவிக்கு ரத்த அழுத்தம் பார்க்க டோக்கன் கொடுத்து அனுப்பினேன்.

அலுவலகத்துக்கு வந்தும் மிஸ் லதாவிடம், "லைன் கிளியரா இல்ல மிஸ், மிஸ்டேக் ஆயிடுச்சு," என்று மட்டும் சொன்னேன்.

5. ராஜன் சொன்னது

அடுத்த மாதம் கையேட்டைக் கொடுக்க ராஜன் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"பார்வதிதான் பாவம் பாஸ். மத்த நாலு வீட்டுப் பொம்பளைங்களும் அவகிட்ட மொகம் கொடுத்துப் பேசறதில்ல. 'நீ ஒழுங்கா வாயத் தொறந்து சொல்லியிருந்தா எம் பிள்ளை இன்னேரம் கிள்ளான்ல படிச்சிட்டிருக்கும்'னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. அவளும் ஆமா ஆமான்னு கேட்டுக்குறா." பிறகு, "தேவியப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது காரை இரண்டு முறை ஓரமாக நிறுத்தினேன். மறுநாள் மிஸ் லதாவிடம் உள்ளதை எல்லாம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இத எங்கிட்ட சொல்லி என்னாண்ணே பிரயோஜனம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு அந்த ஐந்து அம்மாக்களும் வருவார்கள் என்று ராஜன் சொல்லியிருந்தார். போனேன். பூசை முடிந்ததும் அவர்கள் முன்னால் போய் நின்றேன். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் தாளை எடுக்கவில்லை.

"பார்வதி அக்கா சரியாத்தான் சொன்னாங்க. எனக்குச் சரியா கேக்கல. கேக்கலன்னு தெரிஞ்சும் நான் திரும்பக் கேக்கல. வேன் வருதுன்னும் அவங்ககிட்ட சொல்லல. முகாம்ல எல்லார் முன்னாலயும் அவங்க மேல பழியப் போட்டதும் நான்தான்."

பிறகு ஓர் அம்மா, "நல்லா இருக்குய்யா ஒன் வேலை. எங்க பிள்ளைங்கன்னா ஒனக்கு வெளாட்டா போச்சா?" என்று ஆரம்பித்து, மனத்தில் இருந்ததை எல்லாம் கொட்டினார். நின்று கேட்டேன். கேட்க வேண்டியதுதான்.

பார்வதி அக்கா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னிக்கு மண்டபத்துலயே சொல்லியிருக்கலாமேண்ணே. ஒரு மாசமா நான் தூங்கல."



6. இப்போது

மிஸ் லதா பயிற்சி நிலையத்தோடு பேசிப் பேசி, அடுத்த சேர்க்கையில் தீவுக்கு வேன் அனுப்பச் சம்மதிக்க வைத்துவிட்டார். நான் வீடு வீடாகப் போய் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்தேன். ஐந்து பேர் சேர்ந்தார்கள். தேவி அதில் இல்லை. அதற்குள் அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. விதியைத் தளர்த்தக் கேட்டுப் பார்த்தோம், முடியாது என்றார்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சரியாகக் கேட்கவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், ஏச்சு வாங்கினாலும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். தவறு உங்களுடையது என்றால், எதிரில் இருப்பவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வதற்கு முன் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றி நானே இத்தனை வருடம் சொல்லி வந்தேன். அந்தச் சுபாவத்துக்கான விலையைக் கொடுத்தது நான் இல்லை, தேவி.

கையேட்டில் 'பதினெட்டு வயதுக்கு மேல்' என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். தீவிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில், தேவி மாதிரிப் பெரிய பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பயிற்சி கொடுக்கும் இடங்களை அதில் எழுத வேண்டும். பந்திங்கில் விசாரித்தேன், கிள்ளானில் விசாரித்தேன், தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் இடம் இல்லை. இன்னோரிடத்தில் வேன் இல்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு முகவரிகூட ஏறவில்லை.

மாதம் ஒரு முறை பார்வதி அக்கா வீட்டுக்குப் போகிறேன். போனில் சொல்லிவிடலாம். ஆனால் போகிறேன். வாசலில் நின்று, "இந்த மாசமும் ஒண்ணும் கெடைக்கலக்கா," என்று சொல்வேன். போன மாதம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவர் கூப்பிட்டார்.

"அண்ணே, கெடைக்கலன்னாலும் வந்து சொல்லுங்க. சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க."