கிட்டுசாமி பூ மாதிரி ஏற்றிய டிரெய்லர்

அமெரிக்காவின் காப்பெல் நகரத்துத் தமிழர்களில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் விமானச் சீட்டுக்கு அடுத்தபடியாகக் கிட்டுசாமியைத்தான் தேடுவார்கள். சூட்கேஸைக் கையில் தூக்கிப் பார்த்தே, "இதுல ஒரு கிலோ ஜாஸ்தி. அந்தப் பாதாம் பாக்கெட்ட அடுத்த பெட்டிக்கு மாத்துங்க" என்பார். விமான நிலையத் தராசு இன்றுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு டிரெய்லர் வாங்கினார். கட்டிலும் அடுப்பும் வைத்து, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. மனைவி வசந்தாமணி தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "மொதல் ட்ரிப்புல என் இடுப்பு பத்திரமா வந்து சேரணும். இல்லாட்டி அடுத்த வாரமே வித்துருங்க."

கிட்டுசாமி அசரவில்லை. எடையைப் பங்கு போடும் விசேஷக் கொக்கி ஒன்றைக் காரில் பொருத்தினார். அதன் இரும்புக் கம்பிகளைச் சங்கிலியால் இறுக்கினால், காரின் பின்புறத்தை அழுத்தும் பாரம் முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் பிரிந்து போகும். கார் பின்னால் தணியாது.

பிறகு சாமான் ஏற்றம். சூட்கேஸ் கட்டிய கை சும்மா இருக்குமா? முன்பக்கம் அரிசி மூட்டை என்றால் பின்பக்கம் தண்ணீர்க் கேன்கள். முகாம் போடப்போகும் ஏரிக்கரையிலும் இட்லி கேட்கும் குடும்பம் என்பதால் கிரைண்டரும் வந்தது. அதைப் பின்கோடிக்குத் தள்ளினார். கடைசியில் கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். "பாத்தியா வசந்தா, பூ மாதிரி!"

ஃப்ரீவேயில் வேகம் பிடித்ததும் பூ ஆடத் தொடங்கியது. பெரிய லாரி ஒன்று கடந்து போன காற்றில் டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்ட, காரும் கூடச் சேர்ந்து ஆடியது. வசந்தாமணி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்திச் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கினார் கிட்டுசாமி. மறுபடி கிளம்பினால், ஆட்டம் அப்படியே இருக்க, ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் முதுகில் குத்து வேறு விழுந்தது. அடுத்த பெட்ரோல் பங்க்கில் மீண்டும் இறங்கினார்கள்.

"ஏனுங்க, இந்தக் கம்பி எந்த வெயிட்டப் பங்கு போடுதுங்க?"

"கொக்கி மேல அழுத்தற வெயிட்ட."

"அதுமேலதான் வெயிட்டே இல்லாமப் பண்ணி, ஒத்தக் கையில தூக்கிக் காட்டுனீங்களே! இல்லாததப் பங்கு போடச் சொன்னா, பாவம், அது என்ன பண்ணும்?"

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கிட்டுசாமி சட்டைக் கையை மடித்துவிட்டார். பின்கதவைத் திறந்து, மூக்கில் பாரம் இருந்தால்தான் வால் ஆடாது என்று கேன்களை ஒவ்வொன்றாக முன்னுக்குக் கொண்டுபோனார். கிரைண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியபோது அவர் இடுப்புதான் பத்திரமாக இல்லை. பிறகு கூடுதலாக இறுக்கிய கண்ணியைத் தளர்த்தினார்.

மறுபடி ஃப்ரீவே. மறுபடி ஒரு லாரி. டிரெய்லர் லேசாகச் சிலிர்த்துவிட்டுச் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது. வசந்தாமணி கைப்பிடியை விட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் காபி ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தார். கிட்டுசாமி சாலையைப் பார்ப்பதுபோல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்க வேண்டாம்" என்றார் வசந்தாமணி. "ஆனா இனிமே லோடு ஏத்தறது நானு."

"சரிங்க" என்றார் கிட்டுசாமி.