அண்ணையின் பெயருக்கு வந்த பெட்டி

அண்ணையின் பெயருக்கு வந்த பார்சலை நான் உடைத்தேன். அதற்குள் இருந்ததைக் குடித்தேன். குடித்தது தெரியாமலிருக்க ஒரு கள்ள வேலையும் செய்தேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்று, எழுபத்தைந்து வயதையும் தாண்டிய ஒருவன் செய்கிற காரியமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மார்கழி மாதத்தில் ஒருநாள் அண்ணை நகரத்தின் மறுபக்கத்திலுள்ள ரொக்ஸ்பரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அண்ணி காலமானபிறகு அவர் அங்கே மகனோடு இருக்கிறார். தன்னுடைய பெயரில் ஒரு பார்சல் என் வீட்டுக்கு வருமென்றும், கையெழுத்து வைத்து வாங்கி ஒரு பக்கத்தில் வைக்கும்படியும், பேந்து வந்து எடுப்பதாகவும் சொன்னார். ஏன் உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லவில்லை என்று கேட்டேன். பகலில் தான் நித்திரையாகிப் போவதாகவும் மணி அடித்தால் கேட்காது என்றும் சொன்னார். அண்ணையின் காது என் காதைவிடக் கூர்மையானது. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

பார்சல் வந்த அன்று கதவைத் திறந்தால் ஓர் இளம்பெண். பிரெஞ்சில் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதற்கு அடையாள அட்டை காட்டச் சொன்னாள். நான் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினேன். அவள் சிரித்தாள், ஆனாலும் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் தந்தாள். அதன் பிறகுதான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததை வாசித்தேன். உள்ளே இருப்பது விஸ்கி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தவர்களுக்கு அரிதான விஸ்கிகளைச் சின்னச் சின்னப் போத்தல்களில் அனுப்புகிற ஏதோ ஒரு சங்கம்.

என் அண்ணை விஸ்கிச் சங்கத்தில் அங்கத்தவர் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அவர் குடித்து நான் கண்டதில்லை. அதைவிட முக்கியம், நான் குடித்து அவர் கண்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் தம்பி அண்ணனுக்கு முன்னால் குடிப்பதில்லை. குடிக்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முன்பு எனக்கும் என் மனைவிக்கும் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. பிறந்தநாளோ புதுவருடமோ, ஆண்கள் எல்லோரும் பேஸ்மென்டில் கூடுவோம். அண்ணை எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வருவார். படியில் அவருடைய இருமல் முதலில் கேட்கும். உடனே என் கிளாஸ் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய்விடும். என் வயதுக்காரர்களின் கிளாஸ்களும் அப்படியே. அவர் கீழே வந்து பார்க்கும்போது எல்லோரும் கையில் கொறிக்கிற சாமான்களோடு கனேடிய அரசியல் கதைத்துக்கொண்டிருப்போம். அவர் கொஞ்ச நேரம் இருப்பார். எட்டு மணிக்கு முன்னமே எழும்பிவிடுவார். மேலே என் மனைவி அவருடைய இருமலுக்காக மல்லி அவித்து வைத்திருப்பாள். அவர் அதை நின்றபடியே முழுதாகக் குடித்துவிட்டுப் போவார். நான் வாசல்வரை போய்க் கையசைப்பேன். அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்வரைகூடப் பொறுக்காமல் கீழே ஓடுவேன்.

அண்ணி இறந்த வருடம் புதுவருட இரவுக்கும் அண்ணை வந்தார். வழமைபோல இருமினார், இருந்தார், எழும்பினார். "இருங்கோவன் அண்ணை" என்று நான் சொன்னேன். அதை நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். ஒருவரை இருக்கச் சொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை. அவர் அப்போது மகனோடு போய்ச் சேரவில்லை; கோட்டைப் போட்டுக்கொண்டு யாருமில்லாத வீட்டுக்குப் போனார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அதைப் புத்தக அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். அண்ணை வருவதாக இருந்த வாரத்தில் அவருடைய கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டது. வர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார். நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியின் கீழே இருந்து பேப்பர் வாசித்தேன். அண்ணையின் பெயரை வைத்து யாரோ ஏமாற்றியிருக்கக்கூடும், திறந்து பார்ப்பது தம்பியின் கடமை என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். மனைவி அதை நம்பவில்லை. "அது உங்கட சாமான் இல்லை. கை வையாதேங்கோ" என்றாள். அவள் கடைக்குப் போகும்வரை கை வைக்கவில்லை.

உள்ளே கறுப்புப் பஞ்சணையில் இரண்டு குழிகள், இரண்டு சின்னப் போத்தல்கள். இருமல் மருந்துப் போத்தலைவிடக் கொஞ்சம் பெரியவை. இரண்டும் ஒன்றே. கூடவே ஒரு அட்டை. கென்டக்கியில் செய்த பேர்பன் விஸ்கி. ஒரேயொரு பீப்பாயிலிருந்து எடுத்தது. பதினைந்து வருடம் கிடந்தது. அந்தப் பீப்பாய் முடிந்துவிட்டது, இனி வராது. இரண்டு போத்தல்களில் ஒன்றின் மூடியைச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தை வெட்டினேன்.

நான் நாற்பது வருடத்துக்கு மேலாக விஸ்கி குடித்தவன். குடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு காது படியில் இருக்கும். சோடாவும் ஐஸும் நிறைய விட்டு, வாய்க்குள் நிற்கவிடாமல் விழுங்குவேன். மறைத்துக் குடிக்கிறவனுக்கு ருசி பார்க்க நேரம் ஏது? அன்று வீட்டில் யாரும் இல்லை. யன்னலுக்கு வெளியே பனி நேராக, அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சோடா விடவில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன்.

முதலில் வெனிலா. அது என்னை வியக்க வைக்கவில்லை. எரித்த ஓக் பலகையிலிருந்து அது வருமென்று படிப்பித்தவன் நான். பிறகு, பாயசத்துக்கு முந்திரியைச் சீனியோடு வறுக்கும்போது கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டால் எழுகிற மணம். அதற்கும் பின்னால் காய்ந்த தோடம்பழத் தோல். வாயில் விட்டதும் கராம்பின் காரம் நாக்கின் ஓரங்களில் ஏறியது. விழுங்கினேன். அது போகவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்ன விளக்கை யாரோ ஏற்றிவைத்ததுபோல நின்றது. பங்குனியில் காட்டுக்குள் மேப்பிள் மரச்சாற்றைப் பாணியாகக் காய்ச்சுகிற கொட்டிலுக்குள் நுழைந்தால் புகையும் இனிப்பும் சேர்ந்து உடுப்பில் பிடிக்குமே, அந்த மணம் நேரம் கழித்து வந்து, இன்னும் நேரம் கழித்துப் போனது. போன பிறகும் வாயில் வறண்ட மரத்தின் ருசி இருந்தது.

நான் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். இந்த மணங்களுக்குக் காரணமான சேர்மங்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெயர்கள் அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை. நான் ஓய்வுபெற்ற காலத்தில் இதைப் பீப்பாயில் ஊற்றியிருப்பார்கள். அதன்பிறகு நான் என்ன செய்தேன்? பேப்பர் வாசித்தேன், வரிக் கணக்கு நிரப்பினேன், வீட்டை விற்று நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இந்த அப்பார்ட்மென்டுக்கு வந்தேன். அத்தனை காலமும் இது ஓர் இருட்டுக் கிடங்கில், வெயிலுக்கு மரத்துக்குள் போய், குளிருக்கு வெளியே வந்து, வருடாவருடம் தன்னில் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுத்துக் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. மிஞ்சியதில் ஒரு மடக்கு என் வாயில். கோயிலில் திரை விலகும்போது கைகள் தாமாகக் கூடுமே, அப்படி ஒரு அமைதி எனக்கு வந்தது. விஸ்கிக்கு இப்படிச் சொல்வதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அமைதியிலேயே போத்தல் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் அரசாங்க மதுக்கடைக்குப் போனேன். அட்டையிலிருந்த பெயரைக் கைபேசியில் படமாகக் காட்டினேன். கடையிலிருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் குடித்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். உங்களுக்கு அதிர்ஷ்டம், இது எங்கேயும் வாங்க முடியாது என்றான். பாவம், வாழ்த்தத்தான் சொன்னான். திரும்பி வந்த பேருந்திலேயே இனி என்ன செய்வதென்று யோசிக்கத் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உண்மைக்குள் இன்னொரு உண்மை இருந்தது. உங்களுடையதை எடுத்துக் குடித்தேன் என்றால், நான் குடிக்கிறவன் என்று அண்ணையிடம் என் வாயால் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சொல்லாதது. அதனால் தேயிலைச் சாயம் போட்டேன். யன்னல் வெளிச்சத்தில் மற்றப் போத்தலோடு பிடித்துப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, நிறம் சரியாக ஒத்துப்போகும்வரை கலந்தேன். ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குக் காட்டிய அதே கவனம். போத்தலை நிரப்பி, மூடி, குழிக்குள் வைத்து, பெட்டியை ஒட்டினேன். வெட்டிய பிளாஸ்டிக் வளையத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண் சத்திரசிகிச்சை செய்தவருக்கு அது தெரியாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதத்தான் வேண்டும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணை வந்தார். மகன் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டான். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். படியில் இருமல் கேட்டது. கோட்டைக் கழற்றி, கதிரையில் இருந்து, பெட்டியைக் கேட்டார். கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், சாவியால் ஒட்டிய இடத்தைக் கீறித் திறந்தார்.

"ரெண்டு கிளாஸ் எடு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பினேன்.

"கிளாஸடா. ரெண்டு."

கொண்டுவந்து வைத்தேன். அவர் முதல் போத்தலை எடுத்தார். வளையம் இருந்தது. அதை உடைத்து, என் பக்கத்துக் கிளாஸில் ஊற்றினார். இரண்டாவதை எடுத்தார். மூடியை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். யன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். புதுக் கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதை அவருடைய முகத்தில் கண்டேன். என்னைப் பார்க்கவில்லை. அதைத் தன்னுடைய கிளாஸில் ஊற்றினார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

அவர் கிளாஸைத் தூக்கி மணந்தார். ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. வாயில் வைத்திருந்து, விழுங்கி, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல சாமான்" என்றார். "நீயும் குடி."

இன்னொரு மடக்கும் குடித்தார். ஆறிப்போன, சீனியில்லாத, பல நாள் போத்தலில் கிடந்த சாயம். என் கிளாஸிலிருந்து வெனிலாவும் கராம்பும் எழுந்து வந்துகொண்டிருந்தன. அதைத் தூக்க என் கை வரவில்லை. நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக, எண்பதைத் தாண்டிய மனிதர் ஒருவர் எனக்கு முன்னால் இருந்து அதைக் குடித்து முடிக்கப் போகிறார். பெட்டியைத் திறந்த அன்று வந்த அதே அமைதி திரும்பவும் வந்தது. இந்த முறை அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"அண்ணை, அது தேத்தண்ணி" என்றேன்.

"ஓம்" என்றார். "சீனி போட்டிருக்கலாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். திறந்ததை, குடித்ததை, கடைக்குப் போனதை, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைத்த கிளாஸ்களை, அந்தப் புதுவருட இரவை. கடைசியைச் சொல்லும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எனக்கு எப்பவடா இருமல் இருந்தது?" என்று கேட்டார்.

"இப்ப வரேக்கையும் படியில இருமினீங்களே" என்றேன்.

"நீங்கள் கிளாஸை ஒளிக்க நேரம் வேணுமெல்லே. உன்ர மனிசி பாவம், ஒவ்வொரு முறையும் மல்லி அவிச்சா. அதையும் குடிச்சனான். இது பரவாயில்லை."

எட்டு மணிக்கு முன்னம் எழும்பியதும் அதற்குத்தான். தான் இருந்தால் தம்பியால் குடிக்க முடியாது. அண்ணியும் அவரும் சனிக்கிழமைகளில் வீட்டில் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் எடுப்பார்களாம். எனக்கு அது தெரியாது. அண்ணி போனபிறகு தனியக் குடிக்க மனம் வரவில்லை என்றார். போன வருடம் இந்தச் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, இரண்டு பேருக்கு என்று பதிந்திருக்கிறார். பார்சலை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியும் விட்டார். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

"நீ உடைப்பாய் எண்டு நினைச்சனான்" என்றார். "தேத்தண்ணி விடுவாய் எண்டு நினைக்கேல்லை."

நான் எழும்பி அவருடைய கிளாஸைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, என்னுடையதில் பாதியை அதில் ஊற்றினேன். அவர் முதலில் மணந்தார். இந்த முறை அவருடைய கண்கள் மூடின. பிறகு ஒரு மடக்குக் குடித்தார். நானும் குடித்தேன், அவருக்கு முன்னால், மெதுவாக. என்ன தெரியுது என்று கேட்டார். தோடம்பழத் தோல் என்றேன். தனக்கு அண்ணியின் தையல் பெட்டி மணக்கிறது என்றார். அதற்குப் பிறகு நானும் மணந்து பார்த்தேன். எனக்கு அது வரவில்லை. அந்த மணம் அவருக்கு மட்டும் என்று விட்டுவிட்டேன்.

எத்தனை மாலைகளை நாங்கள் இருவரும் மரியாதை என்று சொல்லி வீணாக்கினோம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் கொடுத்தது மரியாதைதான். நான் கொடுத்தது என்னவென்று எனக்கு இப்போது தெரியும். அவருடைய கார் திரும்பும்வரைகூட நான் நின்றதில்லை.

மாசி மாதப் பெட்டி போன கிழமை வந்தது. அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். மனைவி அதற்கு மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்று பின்னேரம் இரண்டு கிளாஸ்களையும் மேசையில், வாசலுக்கு நேரே தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கீழ்க் கதவு திறந்தது. அண்ணையின் ஊன்றுபொல்லுச் சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, திருப்பத்தில் நின்றது. எப்போதும் இருமுகிற இடம். நான் மூச்சை அடக்கிக் கேட்டேன். இருமல் இல்லாமலே பொல்லு மறுபடி ஏறத் தொடங்கியது.

கதவைத் திறந்தேன். அண்ணை சப்பாத்தில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, என் தோளுக்கு மேலால் மேசையைப் பார்த்தார்.

"இண்டைக்கும் தேத்தண்ணியோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.