கறுப்புக் கம்பி இரண்டும் சேரக்கூடாது

பிலோமினா ரீச்சர் காலமான செய்தியை அவருடைய கணவர் வின்சன்ற் அண்ணனே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "சேர், ரீச்சர் விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலதான். நீங்கள் கதையுங்கோ, எனக்குக் கேக்கும். போனைப் பெட்டியில கொழுவியிருக்கிறன்" என்றார். அந்தப் பெட்டியை நான் நன்றாக அறிவேன். அதற்காக என் வீட்டு ரேடியோ உயிரை விட்டிருக்கிறது.

பேசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சரும் நானும் பல வருடம் ஒன்றாகப் படிப்பித்தோம். அவர் விஞ்ஞானம், நான் புவியியல். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: அவருடைய கைப்பையில் செபமாலையும் ஸ்குரூ டிரைவரும் ஒன்றாகத்தான் கிடக்கும். ஆசிரியர் அறையில் மின்விசிறி நின்றால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறிவிடுவார். "கீழ நிண்டு விடுப்புப் பாக்கிற ஆக்கள் கதிரையையாவது பிடியுங்கோ" என்பார். நான் பலமுறை பிடித்திருக்கிறேன்.

வின்சன்ற் அண்ணன் கடற்றொழிலாளி. அதைவிடப் பெரிதாக, ஊர் வாசாப்புக் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார். புனிதர்களின் கதையைப் பாடி ஆடும் வாசாப்பு இல்லாமல் எங்கள் கரையில் திருநாள் களைகட்டாது. பாடுகிறவர் சுருதியில் கொஞ்சம் இறங்கினாலும் அண்ணனின் கையில் தாளம் நின்றுவிடும். பாடியவர் தலையைச் சொறிந்துகொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சண்டை மறுபடி மூண்டபோது கரையில் விழுந்த ஷெல் ஒன்று அவரை விட்டுவிட்டு அவருடைய காதுகளைக் கெடுத்துவிட்டுப் போனது. இடது காதில் கொஞ்சம் மிச்சம், வலதில் அதிலும் குறைவு. வைத்தியர்கள் கொடுத்த சின்னக் காதுக்கருவி பேச்சைக் கொண்டுவந்தது, பாட்டைக் கொண்டுவரவில்லை. அண்ணன் கைத்தாளத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பங்குத் தந்தையிடம் போய், "வேற அண்ணாவியாரைப் பாருங்கோ சுவாமி" என்று சொல்லிவிட்டார்.

"மனிசன் கடலுக்குப் போறார், வாறார், சாப்பிடுறார். பாடுறேல்ல. வீட்டில ஒரு ஆள் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு சேர்" என்றார் ரீச்சர். அவர் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மறுநாளே ஆசிரியர் அறைக் கரும்பலகையில் படம் கீறத் தொடங்கிவிட்டார்.

ஹெட்போனுக்கென்று ஒரு ஆம்பிளிஃபயர். அதுவும் 'பாலன்ஸ்ட்' வகை. புவியியல்காரனுக்கு விளங்கவேண்டுமே என்று பொறுமையாகச் சொன்னார். "வழமையா ரெண்டு காதுக்கும் திரும்பி வாற கம்பி பொதுவா ஒண்டுதான். நான் காதுக்கு ரெண்டாத் தனித்தனியா நாலு கம்பி விடப்போறன். ஒவ்வொரு காதுக்கும் ரெண்டு ஆம்பிளிஃபயர். ரெண்டு பேர் பனை அரியிற வாள் மாதிரி, ஒண்டு தள்ளேக்க மற்றது இழுக்கும். சின்னப் பற்றரியிலயும் சத்தம் நல்லாக் கூடும். செவிட்டுக் காதுக்குத் தனியாக் கூட்டியும் விடலாம்."

பெட்டி மட்டும் சின்னதாக இருக்கவேண்டும். அண்ணாவியார் தாளம் போட்டுக்கொண்டு நடமாடுபவர். சாரத்து மடியில் அடங்காவிட்டால் பயனில்லை. அதனால் குளியல் சவர்க்காரப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தார். பரீட்சை வேலையாகக் கொழும்புக்குப் போன நான் ஹெட்போனும் ஆம்பிளிஃபயருக்கு நான்கு ஐசியும் வாங்கிவந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் ஐசிகளை உள்ளங்கையில் வைத்து, "மொக்கத மே?" என்றான், என்ன இது என்று. எனக்குத் தெரிந்த சிங்களம் அங்கே காலை வாரிவிட்டது. காதைத் தொட்டுக் காட்டினேன். பரிதாபப்பட்டோ என்னவோ போகவிட்டான்.

ஒரு சனிக்கிழமை பெட்டி பூர்த்தியானது. ஹெட்போனின் நான்கு கம்பிகளையும் பெட்டியின் கம்பிகளோடு முறுக்கி வைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்க முன்னர் ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று ரீச்சர் குசினிக்குள் போனார். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். வலைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நுனி தொங்குவதைக் கண்டால் கை சும்மா இராது. காதுக்கு ஒரு சிவப்பும் ஒரு கறுப்புமான கம்பிகளில் சிவப்பு இரண்டும் மேசையில் படுத்திருந்தன. கறுப்பு இரண்டும் அந்தரத்தில் தொங்கின. அண்ணன் அவற்றைச் சேர்த்து அழகான வலைமுடிச்சு ஒன்று போட்டு, பெட்டி வேலைசெய்கிறதா என்று மின் ஆளியையும் தட்டிப் பார்த்தார்.

இரண்டு காதின் கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே கூடாத வகை அது. ரீச்சர் தேத்தண்ணியோடு வந்தபோது சவர்க்கார வாசம் போய்க் கருகல் வாசம் வந்திருந்தது. "தொங்கிக்கொண்டு கிடந்தது பிலோ. இறுக்கிக் கட்டிவிட்டனான்" என்றாராம் அண்ணன். ரீச்சர் நிலத்தில் குந்தி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். ஆனால் நிலைமை சிரிப்புக்குரியதல்ல. இரண்டு ஐசி போய்விட்டன. சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்தது. திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வேறு அண்ணாவியாரும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் என் மேசைக்கு வந்து, "சேர், உங்கட ரேடியோ நல்லாப் பாடுதோ?" என்று அன்பாக விசாரித்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டு ரேடியோ ஏற்கெனவே குடல் பிடுங்கிக் கிடந்தது; போன இரண்டில் ஒன்றுக்குத்தான் அதன் ஐசி ஈடாகும். அன்று பின்னேரம் ரீச்சர் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி விடவில்லை. "சண்டை நேரம், செய்தி கேக்க நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"செய்தி எப்பிடியும் வீடு தேடி வரும் அக்கா. பாட்டுத்தான் தானா வராது" என்றார் ரீச்சர். என் மனைவி ரேடியோவின் மேல் போட்டிருந்த பூத்துணியை எடுத்துவிட்டார்.

பெட்டி மறுபடி உயிர்த்த அன்று நானும் போயிருந்தேன். ரீச்சர் ஊர்ப் பாடகன் செபஸ்தியான் பாடிய பழைய வாசாப்பு ஒலிநாடாவை ஓடவிட்டு, வலப்பக்கத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சுளித்தது.

"செபஸ்தியான் இறங்கிப் பாடுறான்" என்றார்.

ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார்.

அந்தத் திருநாளில் அண்ணாவியார் தலைப்பாகைக்குக் கீழே ஹெட்போனும் மடியில் சவர்க்காரப் பெட்டியும் பாட்டைப் பெட்டிக்குக் கொண்டுவர நெஞ்சில் குத்திய சின்ன மைக்குமாக நின்று வாசாப்பை நடத்தினார். "பாட்டுக் கேட்டுக்கொண்டோ இவர் தாளம் போடுறார்?" என்று ஒரு அம்மா குறைப்பட்டதும் உண்மை. பெட்டி மூடியின் உள்ளே ரீச்சர் 'கறுப்புக் கம்பி இரண்டும் சேரக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார். அதன் கீழே, சம்மதமாக, 'ஓம்' என்று அண்ணனின் கையெழுத்து. பிறகு எத்தனையோ முறை பெட்டி பழுதாகித் திருத்தப்பட்டது. ஒருமுறைகூட அண்ணன் அந்தக் கம்பிகளில் கை வைக்கவில்லை.

நல்லடக்கத்தன்றும் அவர் ஹெட்போனோடுதான் முன்வரிசையில் இருந்தார். செபத்தில் ஒரு சொல்லும் தவறக்கூடாது என்றார். பேழையை மூடும் நேரம், ரீச்சரின் விரல்களில் சுற்றியிருந்த செபமாலையின் நூல் முனைகள் இரண்டு அவிழ்ந்து தொங்குவதை அண்ணன் கண்டார். கை தானாகப் போனது. பாதியில் நின்றது.

"பிலோ, இதைக் கட்டலாம்தானே?" என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். அண்ணன் காதுகளை ஹெட்போனோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு ரீச்சரின் பதிலுக்காகச் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு அந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து, இறுக்கி, வலைமுடிச்சுப் போட்டார்.

போயிட்டு வாங்கோ ரீச்சர். கதிரையை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.