என் பெயரின் கொம்பு

"கோமதி, இந்த புரோகிராமுக்குள் ஏன் இத்தனை கடற்பாசி?" என்று யூர்கன் கேட்டபோது என் இங்கிலீஷில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஹாம்பர்க் நூலக மாடியில் சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் இலவச எழுத்து மென்பொருளுக்கு வேலை செய்கிறோம். சம்பளம் கிடையாது, காபிகூட அவரவர் பிளாஸ்கில்தான். யூர்கன் காட்டிய திரையில் 'கொம்பு' என்ற சொல் ஆங்கில எழுத்தில் நான்கு இடங்களில் இருந்தது. ஜப்பான்காரர்கள் சூப்பில் போடும் கடற்பாசிக்கு அதுதான் பெயராம். 'கெ' என்று எழுதும்போது முன்னால் வரும் சுழிக்குக் கொம்பு என்று பெயர், 'கா'வில் பின்னால் வருவது கால் என்று விளக்கினேன். "கொம்பு, கால். அப்படியானால் இது மாடு" என்றார், சிரிக்காமல். பிறகு, ஒரே 'கோட்' துண்டை, அதாவது அதே புரோகிராம் வரிகளை, நான்கு இடத்தில் காப்பி செய்துவைத்தது யார் என்று கேட்டார். அந்தப் புண்ணியவதி நான்தான்.

நான் மட்டுமில்லை, சென்னையில் இருந்தபோது என் சிநேகிதி சலீமாவும். பம்மலில் அவள் குடும்பத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் உண்டு. அவள் ஷேர் ஆட்டோவில் வருவாள், நான் சேலையூரிலிருந்து பஸ்ஸில். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, அந்த மென்பொருளில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வழி செய்தோம். ஒரே இடத்தில் எழுதி, மென்பொருளின் எல்லாப் பகுதிகளும் அதையே கூப்பிட்டுப் பயன்படுத்தும்படி செய்திருக்கலாம். ஆனால் அதற்கு, முன்பின் தெரியாதவர்கள் எழுதியதைத் திருத்த வேண்டும். "கேக்காம அடுத்தவங்க கோட்ல கை வெச்சா தப்பா நினைப்பாங்கடி" என்றாள் சலீமா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. திரைக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று, கர்சருக்கு ஒன்று, பிரின்ட்டுக்கு ஒன்று என்று மரியாதையாக நான்கு காப்பி வைத்தோம்.

இங்கே அந்த மரியாதையே கிடையாது. யூர்கன் யார் எழுதியதையும் அடித்துத் திருத்துவார், அவர் எழுதியதை பிரேசிலில் ஒருத்தி அடிப்பாள், அடுத்த நாள் நன்றி சொல்லிக்கொள்வார்கள். பூட்டே இல்லாத வீட்டில் ஒரு பொருளும் தொலையாமல் இருப்பதைப் பார்த்து எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

நான்கையும் ஒன்றாக்கும் வேலை என்னிடமே வந்தது. பிரின்ட்டுக்கான காப்பியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. சலீமா எழுதியது, எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டுச் சோதித்தேன், எல்லாம் சரியாகவே வந்தது. "காரணம் தெரியாத வரி வேண்டாம்" என்றார் யூர்கன். ஆனால் அவள் அச்சகம் இந்த மென்பொருளில்தான் ஓடுகிறது. கேட்டுவிடலாம் என்றால், கல்யாணமாகி இங்கே வந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு நான் ஒரு கடிதம் போட்டதில்லை. வெட்கத்தோடு மெயில் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"கோமு, ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி இருக்கேன்னு கேக்காம, லைன் எதுக்குன்னு கேக்கற. சரி போ. உன் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் எடுத்தேன். உன் பேரு வரிக் கடைசில வந்துச்சி. கொம்பு மட்டும் மேல் வரில நின்னுகினு, மீதியெல்லாம் கீழ் வரில. நீ வேற ஊரை விட்டுப் போற. பாக்கவே பேஜாரா இருந்துச்சி. கொம்பும் எழுத்தும் பிரியக் கூடாதுன்னு ஒரு லைன் போட்டேன். அத எடுக்காத."

மற்ற மூன்று காப்பிகளை அழித்தேன். அவள் வரி இருந்த காப்பியை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி, மேலே அவள் பெயரை எழுதினேன். பம்மலில் ஒரு புரூஃபுக்காகப் போட்ட வரி இனி எந்த நாட்டுத் திரையிலும் தமிழைக் காக்கும். நினைக்கவே கண் கலங்கியது. கடைசியாக ஒருமுறை சோதிக்க, வரி முடிகிற இடத்தில் என் பெயரை டைப் செய்தேன். கொம்பு, எழுத்து, கால் எல்லாம் சேர்ந்து முழுசாகக் கீழ் வரிக்கு இறங்கியது. இப்போதைக்கு நான் முழுசாக ஓரிடத்தில் இருப்பது அங்கே மட்டும்தான்.